தலை மழுங்கிய ஒரு போல்ட்: ஸ்கூட்டர் எஞ்சின் கவர் திறந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு தெருவில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். பழுதுக்கு வரும் ஸ்கூட்டர்களில் கணிசமானவை மீன் தொழிலோடு ஒட்டியவை. விடியலில் ஏலக்கூடத்துக்குப் போய், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றி, மதியத்துக்குள் வீடு திரும்பும் வண்டிகள். இந்த ஆய்வு அப்படி ஒரு வண்டியைப் பற்றியது.

உரிமையாளர் ஐம்பது வயதைத் தாண்டிய மீன் வியாபாரி. கணவர் இல்லை; ஸ்கூட்டர்தான் பிழைப்பு. வண்டி 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர், 27,000 கிலோமீட்டர் ஓடியது. வேகம் எடுக்கும்போது உதறுகிறது, இடப்பக்கத்திலிருந்து கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று ஜூன் 15 மாலை கொண்டுவந்து நிறுத்தினார். இந்த வகை வண்டிகளில், எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டை 24,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றச் சொல்வது வழக்கம். எனவே பெல்ட்தான் முதல் சந்தேகம். பெல்ட்டைப் பார்க்க இடப்பக்க எஞ்சின் கவரைக் கழற்றவேண்டும். எட்டு போல்ட், ஒரு கிக்கர் லீவர். சாதாரணமாகப் பத்து நிமிட வேலை.

தேதியைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள். அந்த 61 நாளும் இந்த ஸ்கூட்டர் கடலைப் பார்த்த வீட்டுத் திண்ணை ஓரத்தில் அப்படியே நின்றிருக்கிறது. கடைசி நாள் வியாபாரம் முடிந்து வந்தபோது இருந்த உப்போடு, கழுவாமல், ஓட்டாமல். “தம்பி, பதினேழாம் தேதி விடிய மூன்று மணிக்கு நான் துறைமுகத்தில் நிற்கவேண்டும். இரண்டு மாதமாகக் கையில் காசு இல்லை” என்றார். தருகிறேன் அக்கா என்று சொன்னேன். கவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கொடுத்த வாக்கு அது.

கவனித்தவை

வண்டியை மறுநாள், 16ஆம் தேதி மதியம் மூன்று மணிக்குத்தான் கையில் எடுத்தோம். கவரின் முன்பகுதி நன்றாகவே இருந்தது. பின்பகுதியில், கிளட்ச் இருக்கும் பக்கம், மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் வழிந்து காய்ந்திருந்தன. மீன் பெட்டியின் வடிகால் துளை இடப்பக்க மூலையில் இருக்கிறது. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் அந்தத் துளையில் சொட்டி, கவரின் மேல் வழிந்து, பின்பக்கக் கீழ் மூலையில் உள்ள போல்ட்டின் மேல் சேர்ந்து நின்றிருக்கிறது. ஆண்டுக்கணக்காக ஒரே பாதையில்.

அந்த ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றி மட்டும் மாவு போல வெள்ளைத் தூள் படிந்திருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. அடியில் தலை செந்துருவாக இருந்தது. துத்தநாகப் பூச்சு முழுக்கப் போய்விட்டது. மற்ற ஏழு போல்ட்களில் பூச்சின் மஞ்சள் நிறம் இன்னும் தெரிந்தது.

இந்த வெள்ளைத் தூள்தான் விஷயத்தின் கரு. கவரும் எஞ்சின் உடலும் அலுமினியம்; போல்ட் எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால், அது ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். பூச்சு இருக்கும்வரை துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் காக்கும். பூச்சு போனபின் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொருள், கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது போய் உட்கார்ந்து, சிமெண்ட் பூசியது போல இறுக்கிவிடும். துருப்பிடித்த போல்ட் என்று பொதுவாகச் சொல்கிறோம். அலுமினிய எஞ்சினில் நம்மைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் துரு அல்ல, இந்த வெள்ளைத் தூள். அதைக் கண்ணால் பார்த்தும் நான் அதற்குத் தகுந்த மதிப்புக் கொடுக்கவில்லை.

முதல் முயற்சி

பட்டறையில் வேலை பழகும் பையனிடம் கவரைக் கழற்றச் சொல்லிவிட்டு, நான் வேறொரு வண்டியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடி என்று சொன்னதும் நான்தான். ஏழு போல்ட் வந்துவிட்டன. அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடம் என்று அதிலேயே குத்தி வைத்திருந்தான். நீளம் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் இதை முதல் நாளே பழக்கியிருந்தேன்.

எட்டாவது போல்ட்டுக்கு அவன் எடுத்தது பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர். எட்டு மில்லிமீட்டர் தலைக்கு எட்டாம் நம்பர் ஸ்பேனர், அளவில் தவறில்லை. ஆனால் துரு தின்ற தலை எட்டு மில்லிமீட்டராக இல்லை. பன்னிரண்டு முனை ஸ்பேனர் தலையின் மூலைகளை மட்டுமே பிடிக்கிறது. மூலைதானே முதலில் கரைந்திருக்கும். ஒரு முறை வழுக்கியது. பையன் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு இன்னும் பலமாக இழுத்தான். இரண்டாவது முறை வழுக்கியபோது கேட்ட சத்தத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். “அண்ணா, சுற்றிக்கொண்டே போகிறது” என்றான். போல்ட் சுற்றவில்லை, ஸ்பேனர்தான் சுற்றியது.

போய்ப் பார்த்தபோது தலை ஏறக்குறைய வட்டமாகியிருந்தது. அடுத்ததாக நான் செய்தது: ஏழாம் நம்பர் ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டித் தலைமேல் ஏற்றி, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பினேன். மழுங்கிய தலைக்கு இது நல்ல உத்திதான். பல முறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் தலையை மட்டும் பிடித்து என்ன பயன்? கீழே மரை இறுகியிருப்பதற்கு இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. சாக்கெட் ஒரு கணம் பிடித்தது. கைப்பிடியில் ரப்பர் போன்ற ஒரு நெகிழ்ச்சி தெரிந்தது. போல்ட் கழலும்போது டக்கென்று விடும். இப்படி நெகிழ்ந்தால் தண்டு முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். கையை எடுத்துவிட்டேன். ஆறு மில்லிமீட்டர் போல்ட், இன்னும் கால் சுற்று இழுத்திருந்தால் எந்த இடத்தில் முறியும் என்று சொல்ல முடியாது. எஞ்சின் உடலின் மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நிறுத்தி யோசித்தது

மணி நாலரை. பையனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

ஈசி அவுட் பெட்டியில் இருந்தது. தலை மழுங்கினால் பலரின் கை முதலில் போவது அதன்மேல்தான். போல்ட்டின் நடுவே துளையிட்டு, இடப்பக்கம் சுற்றும் அந்தக் கூம்பு முனையை இறக்கித் திருப்பினால் போல்ட் கழன்று வரும் என்பது கணக்கு. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குள் போகக்கூடிய ஈசி அவுட் பென்சில் முனை அளவுதான் இருக்கும். கூம்பு உள்ளே இறங்க இறங்க, துளையிட்டு மெலிந்த தண்டை வெளிப்பக்கம் அகட்டி மரையோடு இன்னும் நெருக்கும். இறுகிய போல்ட்டில் அது முறிந்தால், உள்ளே நிற்பது கடினப்படுத்திய எஃகு. நம்மிடம் இருக்கும் ட்ரில் பிட் அதன்மேல் ஏறாது. ஒரு போல்ட் பிரச்சினை எஞ்சின் உடலையே இறக்கவேண்டிய பிரச்சினையாகும். சுலபமாக வரக்கூடிய, ஆனால் தலை இல்லாத போல்ட்டுக்கு அது நல்ல கருவி. இங்கே வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

தலைமேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வது இன்னொரு வழி. அந்தச் சூடே போல்ட்டைத் தளர்த்தும். பிடிக்கப் புதுத் தலையும் கிடைக்கும். உண்மையில் நல்ல வழி. ஆனால் வெல்டிங் பட்டறை அந்நேரம் மூடியிருந்தது. உளியால் தலையின் விளிம்பைத் தட்டிச் சுற்றவைப்பதும் உண்டு. கவரின் குழிக்குள் தலை புதைந்திருந்ததால் உளியைச் சாய்க்க இடமில்லை.

கடைசியில் எடுத்த முடிவு, தலையைத் துளைத்து நீக்குவது. அழிக்கும் வேலை போலத் தெரிந்தாலும் அதற்கு இரண்டு காரணம் இருந்தது. முதலாவது, தலை போனதும் போல்ட்டின் இழுவிசை விட்டுவிடும். கவரை அழுத்திப் பிடித்திருந்த பளு இறங்கிவிடும். மீதி நிற்பது மரையின் பிடிப்பு மட்டும். இரண்டாவது, அந்த இடத்தில் கவரின் கனம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். கவரை எடுத்துவிட்டால் அவ்வளவு நீளத் தண்டு எஞ்சின் உடலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடிக்க அது போதும். மழுங்கிய தலையோடு போராடுவதைவிட, பிடிக்க இடம் இருக்கும் தண்டோடு போராடுவது மேல்.

தலையை நீக்கியது

பேட்டரி இணைப்பை எடுத்தோம். தலையின் நடுவைக் கண்டுபிடிப்பதில்தான் அதிக நேரம் செலவானது. நடு தவறினால் பெரிய பிட் கவரின் அலுமினியத்தைத் தின்றுவிடும். தலைமேல் மார்க்கர் மை பூசி, கிழித்த இரண்டு குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் பஞ்ச் வைத்து ஒரே தட்டு. பிறகு 3 மில்லிமீட்டர் பிட். தலையின் கனம் சுமார் 6 மில்லிமீட்டர் என்பதால், முனையிலிருந்து அந்த அளவில் பிட்டின்மேல் டேப் சுற்றி அடையாளம் வைத்தோம். மெதுவான வேகம், சொட்டுச் சொட்டாக எண்ணெய். அடுத்து 5, கடைசியாக 6.5.

6.5 மில்லிமீட்டர் பிட் இறங்கிக்கொண்டிருக்கும்போது சீவல் சுருள் சுருளாக வந்தது. திடீரென்று சத்தம் மாறியது. தலை மோதிரம் போலப் பிட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. ட்ரில்லை வெளியே எடுத்தால் பிட்டின் கழுத்தில் அது மாட்டியிருந்தது. பையன் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஆறு மூலையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கவர் இன்னும் மூடியிருந்ததால் சீவல் ஒன்றும் உள்ளே போகவில்லை. பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினோம். கவர் வந்துவிட்டது. உள்ளே பெல்ட்டின் பற்களுக்கு நடுவே விரிசல்கள்; ஓரம் நூல் பிரிந்திருந்தது. நோயைப் பற்றிய சந்தேகம் சரிதான்.

தண்டை எடுத்தது

எப்படியும் மாற்றப்போகும் பெல்ட் என்பதால் அதை முதலில் கழற்றி, கிளட்ச்சைத் துணியால் மூடினோம். நீட்டி நின்ற தண்டின் அடியில் துருநீக்கி எண்ணெய் விட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். கவர் மூடியிருக்கும்போது தலைமேல் ஊற்றும் எண்ணெய் மரையைச் சென்றடைய எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் பையனுக்குக் காட்ட முடிந்தது.

அடுத்தது சூடு. கேஸ் டார்ச் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெட்ரோல் வண்டி, மாலைக் காற்று வேறு. வண்டியைத் தெருப்பக்கம் நகர்த்தி, பெட்ரோல் குழாயில் கசிவு இல்லை என்று தொட்டுப் பார்த்து, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினோம். காட்டியது போல்ட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் அலுமினியத்துக்கு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். நூறு டிகிரி சூடேற்றினால் ஆறு மில்லிமீட்டர் துளை போல்ட்டைவிடச் சுமார் 0.007 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த வெள்ளைத் தூளின் பிடிப்பு நொறுங்குவதற்கும் எண்ணெய் உள்ளே நுழைவதற்கும் அது போதும். விரலில் நீர் தொட்டுத் தெளித்ததும் சுர்ரென்று ஆவியாகும்வரை சூடு காட்டினோம்.

வைஸ் கிரிப்பைத் தண்டின் அடியோடு ஒட்டிப் பிடித்தேன். நுனியில் பிடித்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும். முதலில் கழற்றும் பக்கம் போகவில்லை. இறுக்கும் பக்கம் ஒரு துளி, உணரக்கூட முடியாத அளவு. பிறகு கழற்றும் பக்கம். அசைவில்லை. மறுபடி சூடு, மறுபடி எண்ணெய். நான்காவது சுற்றில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த அரை மணி நேரம் முன்னும் பின்னுமாக ஆட்டியதுதான் வேலை: கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய். பொறுமை இழந்து ஒரே பக்கம் இழுத்தால் உதிர்ந்த தூள் முன்னால் குவிந்து மறுபடி பூட்டிவிடும். மரையின் ஓரத்தில் எண்ணெயோடு கலந்து சாம்பல் நிறச் சேறு வெளியே வந்தது. ஏழே கால் மணிக்குத் தண்டு கையில் இருந்தது.

மரையின் நிலை

போல்ட்டின் மேல்பகுதி மரையில் மெல்லிய வெள்ளிக் கம்பி போல ஒரு சுருள் ஒட்டியிருந்தது. அது எஞ்சின் உடலின் மரை. உப்புத் தண்ணீர் துளையின் வாயிலிருந்து உள்ளே இறங்கியதால், வாயை ஒட்டிய முதல் நான்கு மில்லிமீட்டர் மரை அரித்துப்போய் போல்ட்டோடு வந்துவிட்டது. பழைய போல்ட் 13 மில்லிமீட்டர் ஆழம் வரை பிடித்திருந்தது. இப்போது அதில் நல்ல மரை 9 மில்லிமீட்டர்தான்.

ஹெலிகாயில், அதாவது கெட்ட மரைக்குப் பதிலாகத் துளைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள் மரை, போடலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் துளையை 6.3 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கவேண்டும். வண்டியில் வைத்தே, கையில் பிடித்த ட்ரில்லால், மாலை வெளிச்சத்தில். கோணலாகிப்போனால் கவரின் துளையோடு சேராது. சுற்றுச் சுவரும் மெலியும். ஒரு கம்பியை விட்டு ஆழத்தை அளந்தேன்: 20 மில்லிமீட்டர். அடியில் இன்னும் இடம் இருந்தது. மரை வெட்டும் கருவியான டேப் (tap) மூன்று கொண்ட செட்டில் கடைசி டேப்பை எண்ணெய் தொட்டு இறக்கி, மரையைச் சுத்தம் செய்து, அடிவரை நீட்டினோம். காற்றடித்துத் தூளை வெளியேற்றினோம். பழையதைவிட 5 மில்லிமீட்டர் நீளமான போல்ட் போட்டால் நல்ல மரை 14 மில்லிமீட்டர் கிடைக்கும். அலுமினியத்தில் போல்ட்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை மரை பிடித்தால் போதும் என்பது நடைமுறைக் கணக்கு; ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 9 முதல் 12. ஹெலிகாயிலைப் பின்னால் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இருக்கும் உலோகத்தை வெட்டாமல் முடியும்போது வெட்டக்கூடாது என்பது என் கட்சி.

புது பெல்ட் போட்டு, எட்டும் புது போல்ட்களாக, மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும், அலுமினியம் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவி மாட்டினோம். பசை இருக்கும்போது அதே முறுக்கில் போல்ட் அதிகம் இறுகும் என்பதால் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சை 9 நியூட்டன் மீட்டருக்கு வைத்தேன். துருவே பிடிக்காதே என்று சிலர் ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பார்கள். போல்ட்டுக்குத் துரு வராது என்பது உண்மை. ஆனால் உப்புத் தண்ணீரில் அலுமினியத்தை அது இன்னும் வேகமாகத் தின்னவைக்கும். துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண போல்ட்டே கடலோர வண்டிக்கு ஏற்றது.

பின்னர் நடந்தது

இரவு எட்டே முக்காலுக்கு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். உதறல் இல்லை, சத்தம் இல்லை. அக்கா வந்ததும் போல்ட்டின் தலையையும் தண்டையும் அவர் கையில் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தலையை மழுங்கடித்தது எங்கள் கை. அதை எடுக்கச் செலவான நேரத்துக்குக் கூலி வாங்கவில்லை. பெல்ட், போல்ட், வழக்கமான கூலி மட்டும். அவர் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெட்டித் தண்ணீரா இந்த வேலை செய்தது?” என்று கேட்டார். ஆம் என்றேன். அன்றிரவே பெட்டியின் வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, பின்சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் விழும்படி கட்டிக்கொடுத்தோம். அந்த வண்டிக்கு நாங்கள் செய்தவற்றில் மிக முக்கியமான பழுதுநீக்கம் இந்தக் குழாய்தான் என்று நினைக்கிறேன்.

இனி மாற்றிக்கொள்வது

வண்டி வந்தது 15ஆம் தேதி மாலை. அப்போதே இரண்டு நிமிடம் குனிந்து பார்த்து, அந்த ஒரு போல்ட்டைச் சுரண்டி எண்ணெய் விட்டு வைத்திருந்தால், எண்ணெய்க்கு ஓர் இரவு முழுக்கக் கிடைத்திருக்கும். இப்போது வெள்ளைத் தூள் தெரியும் வண்டி எதுவானாலும் முதல் நாளே நனைத்து வைக்கிறோம். நேரம் சொல்வது அதற்குப் பிறகுதான்.

சின்ன போல்ட்களுக்குப் பன்னிரண்டு முனை ஸ்பேனரை எடுத்து ஒதுக்கிவிட்டேன். எட்டாம் நம்பருக்கு ஆறுமுனை சாக்கெட் மட்டும். சாக்கெட்டை மாட்டுவதற்கு முன் தலையின் நடுவில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்ச்சியிலேயே பாதி போல்ட்கள் இளகிவிடுகின்றன. சூடு காட்டுவதும் தலை நன்றாக இருக்கும்போதே செய்யவேண்டியது. நாங்கள் அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருந்தோம்.

பையனுக்கு ஒரே ஒரு விதி: ஒரு முறை வழுக்கினால் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடவேண்டும். முதல் வழுக்கலில் தலையில் நான்கு மூலையாவது மிச்சம் இருக்கும். அவனைத் திட்டுவதில்லை என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். திட்டுக்குப் பயந்துதான் அவன் இரண்டாவது முறை இழுத்தான்.

டிசம்பரில் அந்த ஸ்கூட்டர் எண்ணெய் மாற்ற வந்தது. கவரைத் திறக்கத் தேவையில்லை என்றாலும், அக்காவிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பின்மூலை போல்ட்டை மட்டும் கழற்றிப் பார்த்தேன். சாக்கெட்டைத் திருப்பியதும் இளகி, மீதி மரை விரலாலேயே சுற்றி வந்தது. பசை இன்னும் வெள்ளியாக ஒட்டியிருந்தது.